அலைய அளக்காதலே மக்கா, கயித்தச் சொல்லு

லேய் மக்கா, முதப் புயலப் பாத்துட்டு வந்திருக்கியாம். கொள்ளாம். நேந்த நேர்ச்சை ஏதாவது பாக்கியிருந்தா முதல்ல அதத் தீத்துட்டு வா. கரையேறின பொறவு மாதாவ மறந்தவனுக்கு அடுத்த தரம் கூப்பிட்டா காது கேக்காது. முடிச்சாச்சா? சரி, உக்காரு. ஒரு சாயா சொல்லு. ரெண்டாச் சொல்லு, எனக்கும் வாய் உண்டுல்லா.

புயல்ல எப்பிடிப் பிழைக்கதுன்னு நான் உனக்குச் சொல்லித்தரப் போவல்ல. நீதான் பிழைச்சு வந்துட்டியே. ஆனா பிழைச்சு வந்தவன் சாயாக்கடையில உக்காந்து கதை சொல்லுதாம் பாரு, அது தனித் தொழில். அதுல நான் பழுத்தவன். ரெண்டு நாளா நீ சொல்லுதத தூணுக்குப் பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல நீ இருக்க, புயல் இருக்கு, கடல்தான் இல்ல.

முதல்ல அலைக்கு வருவோம். முந்தாநாள் நீ சொன்ன அலை ஆள் உயரம். நேத்து தென்னமரம். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு கூட்டம் கூடும், அப்ப அது கோயில் கோபுரம் ஆவும். ஆவட்டும். கோபுரத்துச் சிலுவைக்கு மேல மட்டும் ஏத்தாத. சாமியார் காதுல விழுந்தா அடுத்த வாரப் பிரசங்கத்துல உன் அலைதான் பாடம். அலைய அளந்தவன் எவனும் உலகத்துல இல்ல மக்கா. வள்ளத்துல குனிஞ்சு உக்காந்திருக்கவனுக்கு இடுப்பளவுத் தண்ணியே இமயமலை. நான் உன்னக் குறை சொல்லல்ல. நம்ம கடப்புறத்துல எந்த அலையும் வத்தினதா சரித்திரமே கிடையாது. வயசாக வயசாக வளரத்தான் செய்யும்.

1964-ல டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிய கடல் கொண்டு போச்சே, அதக் கேட்டிருப்ப. பாம்பன்லேர்ந்து போன ரயில ஆளோட வாரிக்கிட்டுப் போச்சு. ஊரு ஊரா இல்லாமப் போச்சு. இன்னைக்கும் அங்க இடிஞ்ச கோயிலும் இடிஞ்ச ஸ்டேசனும் மணலுக்குள்ள நிக்கி. அந்தப் புயலப் பத்தி நான் கேட்ட கதைகள்ல பாதி ஒண்ணுபோல இருக்கும்: "அந்த ரயில்ல நான் போக வேண்டியது, ஒரு நிமிசத்துல தவற விட்டேன்." தவற விட்டவங்க அத்தனை பேரும் அன்னைக்கு ஏறியிருந்தா, ரயில்வேக்காரன் இன்னும் ரெண்டு வண்டி விட்டிருக்கணும். அந்த வண்டியில மெய்யாவே போனவங்க யாரும் கதை சொல்ல வரல்ல. அத மட்டும் மனசுல வச்சுக்க. வச்சுக்கிட்டு அளக்கணும்னா அள.

அடுத்தது காத்து. எங்கேர்ந்து அடிச்சுதுன்னு கேட்டா, "நாலு பக்கமும் அடிச்சுது தாத்தா"ங்க. நாலு பக்கத்துலேர்ந்தும் ஒரே நேரத்துல அடிச்சா அது புயல் இல்லலே, மாமியார் வீட்டுப் பஞ்சாயத்து. வாடையா, கொண்டலா, சோழகமா, கச்சானா? ஒண்ணச் சொல்லு. முதல்ல எது, பொறவு எது, எப்பம் மாறிச்சு? நீ சொல்லாம விட்ட இடத்துலதான் மக்கா சரக்கே இருக்கு.

குளச்சல்ல 1741-ல மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்களத் தோக்கடிச்சாரே, அத நினைச்சு நாம இன்னும் மீசைய முறுக்குதோம். அந்த டச்சுக்காரங்க ஊர்லயே பைஸ் பாலட்னு ஒருத்தரு 1857-ல காத்தப் பத்தி ஒரு காரியம் எழுதி வச்சாரு. தோத்த கட்சிக்காரன் சொன்னதுன்னு தள்ளாத, நமக்கு நல்லா உதவும். நம்ம பக்கத்துக் கடல்ல காத்துக்கு முதுகக் காட்டி நில்லு. இடது கைய நீட்டு. புயலோட நடு அந்தப் பக்கம், கொஞ்சம் முன்னால தள்ளி இருக்கும். அவ்வளவுதான். சாட்டிலைட்டு வேண்டாம், செல்போன் வேண்டாம், முதுகும் ஒரு கையும் போதும். பொறவு காத்தக் கவனி. திசை மாறாம பலம் மட்டும் கூடிக்கிட்டே போவுதுன்னா, புயல் வார வழியில நீ நிக்க, இடத்தக் காலி பண்ணு. திடீர்னு ஓஞ்சுபோச்சுன்னா சந்தோசப்பட்டு வலைய எடுக்கப் போவாத. அது புயலோட கண்ணு. சித்த நேரத்துல எதிர்ப்பக்கத்துலேர்ந்து வந்து அடிக்கும். அந்த ஓஞ்ச நேரத்துல பீடி பத்தவச்சவனும் உண்டு, அணியத்தத் திருப்பி வச்சுக்கிட்டுக் காத்திருந்தவனும் உண்டு. ரெண்டாவது ஆளுதான் என்னோட சாயா குடிச்சான்.

இப்பம் கைக்கு வாரேன். உன் கதையில நீ சுக்கானப் பிடிச்சுக்கிட்டு நெஞ்ச நிமித்தி நிக்க. சினிமாவுக்குக் குடுக்கலாம். அந்நேரம் தண்ணி கோரினது யாரு? வாளி எங்க? வாளி போன பொறவு சோத்துப் பானையால கோரினதா அந்தச் சமையல்காரப் பையன் என்கிட்ட சொன்னான். அவன் பேரு உன் கதையில ஏன் வரல்ல? விடிய விடியக் கோரினவன் கை கொப்பளிச்சுக் கிடக்கு. சுக்கானப் பிடிச்சவன் கை ஞாயித்துக்கிழமைச் சட்டைக்குள்ள சொகமா இருக்கு.

எஞ்சின் நின்னுபோச்சுன்ன. ஏன் நின்னுதுன்னு கேட்டா "புயல்ல நின்னுபோச்சு"ங்க. புயல் எஞ்சின நிறுத்தாது மக்கா. டீசல் டாங்குக்கு அடியில வருசக்கணக்கா கசடு கிடக்கும். கடல் அமைதியா இருக்கும்போது அது பாட்டுக்குத் தூங்கும். படகு குலுங்கினா அது எந்திச்சு வந்து ஃபில்டர அடைக்கும். அதான் எஞ்சின் எப்பமும் சரியா ஆபத்து நேரத்துல நிக்கி. டாங்கக் கழுவி, ரெண்டு ஃபில்டர் கூட வாங்கி வச்சிருந்தா உன் கதை பாதியா சுருங்கியிருக்கும். சுருங்கின கதைய எவன் கேப்பான்னு நினைக்கியா? நான் கேப்பேன். உன் அம்மையும் கேப்பா.

எஞ்சின் நின்ன பொறவு என்ன செஞ்ச? அங்கதான் நீ ரெண்டு வார்த்தையில தாண்டிப் போயிட்ட: "கயித்த விட்டோம், நின்னுச்சு." லேய், அதுதான்லே கதை! பழைய வலையச் சுருட்டிக் கயித்துல கட்டி, அணியத்துலேர்ந்து தண்ணியில விட்டிருக்கீங்க. அது கடலுக்குள்ள பிடிச்சு இழுக்க, படகு மூக்கு அலைக்கு நேரா நின்னுச்சு. விடாம இருந்தா படகு அலைக்கு விலாவக் காட்டியிருக்கும், ஒரே அடியில கவுந்திருக்கும். எவ்வளவு நீளம் கயிறு? எதுல கட்டினீங்க? உரசி அறுந்துபோகாம இருக்க சாக்கு சுத்தினீங்களா? யாரு சொன்ன யோசனை அது? அலைக்கு அரைமணி நேரம், கயித்துக்கு ரெண்டே வார்த்தை! நாளைக்கு உன் கதையக் கேட்டுட்டுக் கடலுக்குப் போற பொடியனுக்கு எது மக்கா உதவும்? தென்னமர அலைய வச்சு அவன் என்ன செய்வான், தேங்கா பறிப்பானா?

லைஃப் ஜாக்கெட் எங்கன்னு கேட்டேன். ஐஸ் பெட்டி மேல தலைக்கு வச்சுப் படுத்திருந்தியாம். நல்ல யோசனை. தலை மட்டும் மிதந்து கரைக்கு வந்து சேரும். அதப் போட்டுக்கிட்டு வலை இழுக்க வராது, புழுக்கமா இருக்கும்ங்கது எனக்கும் தெரியும். வேலை நேரத்துல போடாத. வானம் கறுத்த நேரத்துல போடு. அப்பம் வலையும் இழுக்கப் போறதில்ல, புழுங்கவும் போறதில்ல.

சரி, கேலிய இங்க நிறுத்துதேன். ஒக்கிப் புயலப் பத்திப் பேசும்போது நான் கேலி பேசமாட்டேன்.

2017 நவம்பர் 29-ல அது இலங்கைக்குத் தென்கிழக்க ஒரு தாழ்வு மண்டலம். மறுநாள் 30-ஆம் தேதி காலையில நம்ம குமரிக் கடல்லயே புயலாயிட்டு. அதுவரைக்கும் புயல்னா நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் ஆந்திராவுக்கும் எழுதி வச்சதுன்னு நாம நினைச்சிருந்தோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆளுங்க சுறாவுக்கும் சூரைக்கும் நாள்கணக்கா, வாரக்கணக்கா ஆழ்கடல்ல கிடக்கவங்க. எச்சரிக்கை வருததுக்கு எத்தனையோ நாள் முன்னாலயே போனவங்க. கரையில சொன்ன சேதி அவங்க வயர்லெஸ்ஸுக்கு எட்டல்ல. துறைமுகத்துல ஏத்துத எச்சரிக்கைக் கூண்டு உனக்குத் தெரியும்ல, ஒண்ணுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் உண்டு. பத்துன்னா பெரிய அபாயம். பதினொண்ணுன்னா என்னன்னு கேளு: வானிலை ஆபீசோட தொடர்பு அறுந்துபோச்சு, ஆனா நிலைமை மோசம்னு இங்க உள்ள அதிகாரி நினைக்காருன்னு அர்த்தம். ஆழ்கடல்காரனுக்கு அப்பல்லாம் வருசம் முழுக்கப் பதினொண்ணாம் நம்பர்தான்.

அந்தப் புயல்ல லட்சத்தீவுப் பக்கம் மணிக்கு 155 கிலோமீட்டர் வரைக்கும் காத்து வீசிச்சு. தப்பினவங்க காத்து தள்ளின பக்கம் போனாங்க. மகாராஷ்டிராவுல சிந்துதுர்க் மாவட்டக் கரையில மட்டும் 68 படகு, 952 பேரு ஒதுங்கினாங்க. 66 கேரளப் பதிவு, 2 தமிழ்நாட்டுப் பதிவு. கவுந்த வள்ளத்து முதுகுல நாள்கணக்காத் தொங்கிக் கிடந்து வந்தவங்களும் உண்டு. நூத்துக்கணக்குல ஆளுங்க வரவே இல்ல.

அதுல பிழைச்சு வந்தவங்கள நம்ம துறையில நீ பாத்திருப்ப. அவங்க சாயாக்கடையில கதை சொல்லமாட்டாவ. ஒருத்தன் கிட்ட நான் பக்கத்துல உக்காந்து, ஒண்ணும் கேக்காம, வலை பின்னிக்கிட்டே இருந்து இருந்துதான் கொஞ்சம் வாங்கினேன். அவன் அலையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல்ல. வள்ளம் கவுந்தாலும் அத விட்டுட்டு நீந்தப் போவாதன்னான். ஃபைபர் வள்ளம் கவுந்தும் மிதக்கும், தேடி வாரவன் கண்ணுக்கு மனுசத் தலை தெரியாது, வள்ளம் தெரியும். கடல் தண்ணியக் குடிக்காதன்னான். குடிச்சவன் முதல்ல பிதற்றினான், பொறவு கைய விட்டான். நங்கூரக் கயித்த ஒவ்வொருத்தன் இடுப்புலயும் சுத்திக் கட்டினோம், தூங்கினவன் போகாம இருந்தான்னான். பாத்தியா? அவன் கதையிலயும் கயிறுதான் வருது.

இப்பம் கருவிகள் வந்திருக்கு. 2019-ல ஜெமினின்னு ஒண்ணு விட்டாங்க, சாட்டிலைட்டு வழியா எச்சரிக்கை வரும், நாம திருப்பிப் பேச முடியாது. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் சேதி போற டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கு. நல்லது. சார்ஜ் போடாம அத அலமாரியில வச்சுப் பூசை பண்ணுதவனுக்குப் பழைய பதினொண்ணாம் நம்பர்தான்.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மத்தவனுக்கு ஒரு தடைக்காலம், நமக்கு ரெண்டு: கிழக்க சின்னமுட்டத்துல ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14, மேக்க குளச்சல் பக்கம் ஜூன் 1-லேர்ந்து ஜூலை 31. வலையப் பொத்திக்கிட்டுச் சும்மாதான கிடப்பீங்க. அப்பம் பொடியங்கள எல்லாம் கூப்பிட்டு உக்காத்தி வச்சு உன் கதையச் சொல்லு. நானும் வாரேன். அலைய எம்புட்டு வேணா ஏத்து, கண்டுக்கிடமாட்டேன். கயித்து நீளத்துல மட்டும் பொய் சொன்னா அங்கயே எந்திச்சுச் சத்தம் போடுவேன், சொல்லிட்டேன்.

இன்னொண்ணு. ஒக்கியில எத்தனை பேரு கடல்ல இருக்காவன்னு கேட்டா அரசாங்கம் ஒரு எண்ணு சொல்லிச்சு, கோயில்ல வீடு வீடாப் போயி எழுதின லிஸ்டு வேற எண்ணு சொல்லிச்சு. யாரு போனா, எந்தப் படகுல போனாங்கதுக்கு கரையில கணக்கே இல்ல. அடுத்த தரம் நீ போவும்போது படகு நம்பர், போற ஆளுங்க பேரு, எந்தப் பக்கம் போறீங்க, எப்பம் திரும்புவீங்க, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி ஒண்ணு வீட்டுல குடு, ஒண்ணு பங்குத்தந்தைகிட்ட குடு. சோத்துப் பானையால தண்ணி கோரினானே வடக்கத்திப் பையன், அவனுக்கு இங்க தேடுத அம்மை கிடையாது. அவன் முழுப் பேரு, ஊரு, வீட்டு போன் நம்பர் அந்தத் தாள்ல முதல்ல இருக்கணும். உனக்கு அவன் பேரு தெரியுமாலே? தெரியாதுன்னா இப்பமே போயிக் கேட்டுட்டு வா. சாயாக் காச குடுத்துட்டுப் போ.