பிரவுன் மாமா

எல்லாக் குடும்பத்திலும் டை அடிக்கும் மாமா ஒருவர் இருப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு அவருக்கு விசேஷம். பல வருஷக் கறை படிந்த பனியன், துண்டு என்று சொல்லும் தகுதியை இழந்த ஒரு துண்டு, ரிட்டயரான டூத் பிரஷ். பூசி முடித்ததும் சாயவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் விறைப்பாக உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் கேஸ் சிலிண்டர் வரும், சம்பந்தியும் வருவார். அலர்ஜி இல்லாத தலையாக இருந்தால், கருப்போடு நிற்கிறவரை பெரிய சேதமில்லை.

வினை, பிரவுன் ஆசையில் ஆரம்பிக்கிறது. ஏதோ கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ கொளுத்திப் போட்டிருப்பார்கள்: "இவ்ளோ கருப்பா இருந்தா டைன்னு தெரிஞ்சுடுது மாமா. இப்பல்லாம் பிரவுன்தான் நேச்சுரல்!"

முதலில் பிரவுன் டை வாங்குவார். புதுச் சாயம் பழைய சாயத்தை எடுக்காது. ஆகவே அடியில் புதிதாக முளைத்த நரை மட்டும் செம்பட்டையாக மின்னும். மேலே அதே கருப்பு. "பாக்கெட்ல படம் போட்டிருக்கானே!" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்.

பார்லரிலோ, "ஒரே நாள்ல முடியாது சார், கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொல்வார்கள். பேங்க்கில் முப்பது வருஷம் வட்டிக் கணக்குப் பார்த்தவரிடம் அது நடக்குமா? ப்ளீச் பவுடரும் டெவலப்பரும் வீட்டுக்கு வந்துவிடும். டெவலப்பரில் 20 வால்யூம் என்றால் 6 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு. 40 என்றால் 12. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால் மாமா எதை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கலக்குவது மாமியின் எவர்சில்வர் கிண்ணத்தில். உலோகப் பாத்திரம் கூடாது, முதலில் ஒரு கற்றையில் போட்டுப் பாருங்கள் என்றெல்லாம் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்த பிறகுதான் மாமா அட்டையை எடுப்பார். நடுவில் கண்காட்சியில் வாங்கிப் பூசிய 'மூலிகைப் பொடி' அவர் நினைவில் இருக்காது; முடியில் இருக்கும். அதில் உலோக உப்பு கலந்திருந்தால், பெராக்சைடு பட்டதும் தலை சூடேறும், முடி பொசுங்கும். வெறும் மருதாணி, அவுரி என்றால் அந்த அளவுக்கு இல்லை. ப்ளீச்சில் பச்சை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

"எரியுதுன்னா கழுவிடுங்களேன்" என்பார் மாமி.

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பார் மாமா. உண்மையில் வெந்துகொண்டிருப்பது மண்டைத் தோல்.

கழுவிவிட்டு வந்து நின்றால் தேசியக் கொடி. சாயம் பாதி கழன்ற இடத்தில் காவி. அடியில் அப்புறம் முளைத்த நரை வெள்ளையாகவே இருக்கிறது. வெளுக்க அதில் நிறம் ஏது? அவுரி தங்கிய நுனியில் பச்சை. குறைவது சக்கரம்; அந்த இடத்தை உச்சி வழுக்கை ஈடுகட்டும். டீக்கடையில் எந்தக் கட்சியில் சேர்ந்தார் என்று கேட்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஈரத் தலையில் சீப்பை வைத்தால் முடி இழுத்த இழுப்புக்கு நீண்டு, திரும்பாமல் அறுந்து, சீப்போடு வருகிறதே, அதைத்தான் பொறுக்க முடியாது.

சலூன்காரர் ஒரு கற்றையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல எதுவும் போடாதீங்க சார், எடுத்துடலாம்" என்பார். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். வீட்டிலோ அடுத்த மாதம் கல்யாணம். மாமா அதற்கும் வழி வைத்திருப்பார்: "பழனிக்கு ரொம்ப நாளா ஒரு வேண்டுதல்."

முகூர்த்தத்தில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக அவரைப் பார்த்தால் விபூதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீசையை மட்டும் மழிக்கவில்லை. இன்னும் கருகருவென்றுதான் இருக்கிறது. அதைப் பற்றி, தயவுசெய்து, யாரும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.