தம்பி எந்த டெஸ்க்?

பத்திரிகைத் தொழிலில் முப்பது, நாற்பது ஆண்டுகளைக் கழித்து ஓய்வுபெற்றவர்கள் வாட்ஸ்அப்பில் அமைத்துக்கொண்டுள்ள குழுக்களில், புதிதாகச் சேர்க்கப்படுபவருக்கு என்ன நேர்கிறது என்பது எந்தப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறையும் தொடாத பொருளாகும். சேர்பவர் இருபத்தைந்து ஆண்டு அனுபவமும் நரைத்த மீசையும் உடையவராக இருப்பினும், குழுவைப் பொறுத்தவரை அவர் 'தம்பி'யே. அவரிடம் கேட்கப்படும் முதல் வினா பெயரையோ ஊரையோ பற்றியதாக இராமல், "தம்பி எந்த டெஸ்க்?" என்பதாகவே இருக்கும். நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்தி, சுருக்கி, தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பும் உதவி ஆசிரியர்களின் பிரிவுக்கே டெஸ்க் என்று பெயர். தம் செய்தியை டெஸ்க் வெட்டிக் கெடுத்தது என்பது நிருபர் கட்சி. வெட்டியதால்தான் அது படிக்கும்படி ஆயிற்று என்பது டெஸ்க் கட்சி. பணிக்கொடை வாங்கி, பேரன் பேத்தி எடுத்த பின்னரும் இவ்வழக்கில் எத்தரப்பும் இறங்கி வந்ததில்லையாதலால், புதியவர் தரும் விடை அவருக்குப் பாதிக் குழுவை நண்பர்களாகவும் மீதியைப் பரம்பரைப் பகைவர்களாகவும் ஆக்கிவிடுகிறது.

அடுத்து வருவது தன் அறிமுகம். புதியவர் தாம் பணியாற்றிய ஏடுகள், கண்ட தேர்தல்கள், பெற்ற விருதுகள் ஆகியவற்றைப் பன்னிரண்டு வரிகளில் உருக்கமாக எழுதி அனுப்ப, கால் மணி நேரத்திற்குள் அது மூன்று வரிகளாகத் திரும்பி வருகிறது. முதல் பத்தியில் செய்தியே இல்லை என்று ஒருவர் அதை நீக்கியிருப்பார். விருதுகளை மற்றொருவர் 'இடமின்மையால்' எடுத்திருப்பார். ஒற்று விடுபட்ட இரண்டிடங்களில் மூன்றாமவர் ஒற்றை இட்டு, ஒரு சொல்லும் பேசாமல் விலகியிருப்பார். இதனை அவமதிப்பாகக் கொள்வது அறியாமை. தம் எழுத்தை ஒருவரும் தொடாமல் விட்டிருந்தால்தான் புதியவர் கவலைப்பட வேண்டும். இவ்வாறு சுருக்கப்பட்ட வடிவமே பெரும்பாலும் மூலத்தைவிட நன்றாக இருந்துவிடுகிறது என்பதையும் இங்குச் சொல்லாமல் விட இயலவில்லை.

மூப்பு என்பது இக்குழுக்களில் வயதால் அளக்கப்படுவதன்று. ஈய எழுத்தைக் கையால் கோத்த கம்பாசிட்டரின் தோளருகே நின்று, மை காயாத நீளத்தாளில் பிழை பார்த்தவர் முதல் வரிசையில் இருப்பார். செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்தியைத் தானே தட்டச்சுச் செய்து உருட்டும் டெலிபிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்தெடுத்து மொழிபெயர்த்தவர் அதற்கடுத்த வரிசை. கணினியில் தொடங்கியவரோ, அவர் ஓய்வுபெற்றவரேயானாலும், குழந்தை. காலக்கணக்கும் இவர்களுக்கெனத் தனியாக உண்டு. கல்வெட்டுகள் மன்னரின் ஆட்சியாண்டைச் சொல்வதுபோல, இவர்கள் ஊதியக் குழுத் தலைவர்களின் பெயரால் ஆண்டைச் சொல்வார்கள். 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தை ஒட்டிப் பத்திரிகை ஊழியரின் சம்பளத்தை வரையறுக்க அவ்வப்போது அமைக்கப்பட்டவையே இந்த ஊதியக் குழுக்கள். "பாலேகருக்கு முன்பே சேர்ந்தவன் நான்" என்றால் 1980க்கு முன் என்று பொருள். பச்சாவத் என்றால் 1989. மஜிதியா என்றால் 2011. ஒவ்வொரு பெயரையும் அடுத்து, அப்போது வரவேண்டியிருந்து வராமற்போன நிலுவைத் தொகை பைசா சுத்தமாகச் சொல்லப்படும். மனைவியின் பிறந்தநாளை மறந்தவர்கள்கூட இதை மறப்பதில்லை.

இவர்களது நினைவுக்கூட்டங்களில் முதலிடம் பெறுவது எம்.ஜி.ஆர். மறைந்த இரவு. அவர் காலமானது 1987 டிசம்பர் 24ஆம் நாள் அதிகாலையில், அதாவது காலை நாளேடுகளின் வெளியூர்ப் பதிப்புகள் வண்டியேறிப் போய்விட்ட நேரத்தில். ஆகவே ஓடும் எந்திரத்தை நிறுத்தி, முதல் பக்கத்தைக் கலைத்துக் கட்டும் வீரச்செயலுக்கு அன்றிரவு முழு வாய்ப்பிருந்தது. எந்திரத்தை நிறுத்தச் சொன்னவர் என்ற உரிமையை ஒவ்வோர் அலுவலகத்திலிருந்தும் குறைந்தது நால்வர் கோருவதால், சென்னையில் அன்றிரவு பணி முடிந்து வீட்டுக்குப் போய்த் தூங்கிய பத்திரிகையாளர் ஒருவர்கூட இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அன்று தாம் எங்கிருந்தார் என்று புதியவரும் கேட்கப்படுவார். ஏழாம் வகுப்பில் இருந்ததாக உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. அதற்குக் கிடைக்கும் மௌனம் நெடுநேரம் நீடிப்பதில்லை.

மொழிபெயர்ப்பே தம் வாழ்நாளை விழுங்கிவிட்டது என்று புதியவர் குறைப்பட்டுக்கொண்டால், பாரதியார் உடனே சாட்சிக்கு அழைக்கப்படுவார். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த அவரை, 1904இல் 'சுதேசமித்திரன்' இதழுக்கு அழைத்துவந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், உதவி ஆசிரியர் நாற்காலியில் அமர்த்திக் கொடுத்த வேலை, பெரும்பாலும் ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவதுதான். அந்த ஐயரோ 1878இல் 'தி இந்து'வைத் தொடங்கிய ஆறு இளைஞர்களுள் ஒருவர். அதன் முதல் இதழ் அச்சானது 80 படிகள். எண்பது படியில் தொடங்கியவரிடம் பாரதியே வேலை பழகியிருக்கையில் தம்பிக்கு என்ன குறை என்று கேட்டால், விடை சொல்ல யாருக்கும் இயல்வதில்லை.

விளையாட்டுக்கு இடமே தராத ஒன்றும் உண்டு, அது இரங்கல் செய்தி. "மூத்த பத்திரிகையாளர் ஒருவர் காலமானார்" என்று எவரேனும் பகிர்ந்தால், கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுவது ஏனைய குழுக்களின் வழக்கம். இங்கோ முதலில் மூன்று வினாக்கள் வரும்: யார் சொன்னது, வீட்டாரிடம் பேசியாயிற்றா, எப்போது? விடை வரும்வரை ஒருவரும் அஞ்சலி செலுத்தமாட்டார். இந்தக் கறார்த்தனத்துக்கு 1979 மார்ச் மாதத்தை அவர்கள் காரணமாகக் காட்டுவர். ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே மக்களவையில் அறிவித்தார், வானொலியும் அதைச் சொல்லிற்று, ஜெ.பி.யோ மும்பை மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அவர் உண்மையில் காலமானது அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் நாள். நாட்டின் பிரதமர் சொன்னாலும் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு தேவை என்ற இப்பாடத்தை, வந்த செய்தியை வந்த வேகத்தில் ஐந்து குழுக்களுக்குத் தள்ளிவிடும் இன்றைய தலைமுறைக்கு யாரேனும் கற்பித்தால் நன்று. இக்குழுவினர் அதற்குக் கட்டணமும் கேட்கமாட்டார்கள்.

எனவே புதிதாகச் சேர்பவர்கள் அறிமுகத்தை மூன்று வரிகளில் தாமே எழுதிவிடுக. பொங்கல் வாழ்த்தாயினும் ஒற்றுப் பார்த்து அனுப்புக. கேள்விப்பட்டதை உறுதி செய்யாமல் பகிராதொழிக. அவசரமாக ஏதேனும் கேட்க வேண்டியிருந்தால் இரவு ஒரு மணிக்குக் கேட்கலாம். இரவுப் பணியில் பழகிய உடம்பு என்பதால், நகரப் பதிப்பு முடியும் நேரம் வரை அங்கே ஒருவரும் தூங்குவதில்லை.