பிளே ஆஃப்புக்கு நம்ம டீமை எடைபோடுவது எப்படி?

ஐஎஸ்எல் கால்பந்தில் லீக் ஆட்டங்கள் முடியப்போகின்றன. சென்னையின் எஃப்சி தட்டுத்தடுமாறி, அடுத்தவன் தோற்றதால், ஒருவழியாக பிளே ஆஃப்புக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி ஒரு வாரத்துக்கு ஆபீஸ் லிஃப்டில், வாட்ஸப் குரூப்பில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "மச்சான், நம்ம டீம் தேறுமா?" பதில் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஒரு தாளை எடுங்கள். நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் பலம், வலப்பக்கம் பலவீனம். பதறாதீர்கள், இந்த வேலையை நீங்கள் ஏற்கெனவே பிரமாதமாகத்தான் செய்துவருகிறீர்கள். நான் லேசாக மெருகேற்றுகிறேன், அவ்வளவுதான்.

1. கடைசி ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதிலேயே முடித்தும் விடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தோமா? இடப்பக்கம் முழுவதையும் நிரப்புங்கள். தோற்றோமா? கோட்டை அழித்துவிட்டு இரண்டு பக்கத்திலும் பலவீனம் எழுதுங்கள், கோச்சை ஃபிளைட் ஏற்றுங்கள். அதற்கு முந்தைய ஆட்டங்களை எடுத்துப் பார்ப்பது நேர விரயம்.

2015இல் நீங்கள் இதைத்தான் செய்தீர்கள். கோச் மார்க்கோ மட்டராஸியின் சென்னை அணி பத்து ஆட்டத்தில் பத்துப் புள்ளியோடு பட்டியலின் அடியில் கிடந்தது. நீங்களும் தலைமுழுகிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போனீர்கள். மிச்சமிருந்த நான்கு ஆட்டங்களையும் ஜெயித்து, 22 புள்ளியுடன் மூன்றாவது அணியாக அரையிறுதிக்குள் நுழைந்தார்கள். டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மிதந்ததால் சொந்த ஊர் அரையிறுதியைக்கூடப் புனேயில் ஆட வேண்டி வந்தது. அங்கே கொல்கத்தாவுக்கு மூன்று கோல் போட்டார்கள். இறுதிப்போட்டி கோவாவில், கோவா அணியோடு. 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என முன்னால் போனபோது டிவியை அணைத்தீர்களே, அதுதான் சரியான முறை. அணைத்த பிறகு கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சொந்த கோல் ஒன்று, இன்ஜுரி டைமில் மென்டோசாவின் கோல் ஒன்று, கோப்பை சென்னைக்கு. மறுநாள் காலையில் சொல்ல வேண்டியது: "எனக்கு அப்பவே தெரியும்." யாரும் எப்போது என்று கேட்க மாட்டார்கள்.

2. புள்ளிப் பட்டியலை வேதமாக வாசியுங்கள்.

முதலிடத்தில் இருப்பவனுக்குத்தான் கோப்பை என்று அடித்துச் சொல்லுங்கள். ஐஎஸ்எல்லின் முதல் நான்கு சீசனிலும் பட்டியலில் முதலில் வந்த அணி ஒருமுறைகூடக் கோப்பையைத் தொடவில்லை என்று யாராவது கிளம்பினால், "அதெல்லாம் விதிவிலக்குப்பா" என்று சொல்லுங்கள். 2014இல் முதலிடத்தில் இருந்தது நம்ம சென்னைதான், அரையிறுதியோடு வீட்டுக்கு வந்தது என்றால், அதுவும் விதிவிலக்கு. 2022-23இல் 46 புள்ளியோடு முதலிடம் பிடித்து ஷீல்டை வாங்கிய மும்பை அரையிறுதியில் பெங்களூருவிடம் பெனால்டியில் விழுந்ததும் விதிவிலக்கு. விதி எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவரை குரூப்பிலிருந்து நீக்குங்கள். அட்மின் நீங்கள்தானே.

3. பலம் என்றால் ஸ்டிரைக்கர். அவர் பெயரை எழுதி முற்றுப்புள்ளி வையுங்கள்.

எத்தனை கோல் என்பது மட்டும் போதும். அந்தப் பந்து அவர் காலுக்கு எப்படி வந்தது, இடது விங்கில் ஓடி ஓடி மூச்சு வாங்கியவர் யார் என்பதெல்லாம் கோச் வேலை. 2019-20இல் நம்ம வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார். இறுதிப்போட்டியிலும் ஒன்று போட்டார். கொல்கத்தா மூன்று போட்டது. ஆனால் உங்கள் தாள் தப்பில்லை, ஸ்டிரைக்கர் தன் வேலையைச் செய்துவிட்டார் அல்லவா? அந்த மூன்று எப்படி உள்ளே போனது என்று எழுத வலப்பக்கத்தில் இடம் விட்டிருக்க வேண்டாம்.

4. கார்னர் கிடைத்ததும் சமோசா வாங்கக் கிளம்புங்கள்.

இதுதான் இந்தக் கையேட்டிலேயே முக்கியமான பாடம். நிதானமாகப் படியுங்கள்.

நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்தால் பின்வரிசைக்காரர் திட்டுவார். பந்து வெளியே போய் கார்னர் கொடுத்ததும் எழுந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. அப்போதே போய்விடுங்கள். போக முடியாவிட்டால் செல்போனைப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், மூலையில் பந்தை வைத்து ஒரு கையைத் தூக்கி நிற்கிறாரே, அவரை மட்டும் பாருங்கள். எக்காரணம் கொண்டும் கோல் முன்னால் நடப்பதைப் பார்க்காதீர்கள். அங்கே உயரமான தடுப்பாட்டக்காரர் ஒருவர் கூட்டத்துக்குப் பின்னால் சும்மா நிற்பதுபோல நிற்பார். அவரைப் பிடிக்க வேண்டியவன் வழியில் இன்னொருவர் தற்செயலாக வந்து நிற்பார். கோல்கீப்பரின் முழங்கையை ஒட்டி ஒருவர் உரசிக்கொண்டிருப்பார். ஒரு சட்டை முறுக்கப்படும். கை இறங்கியதும் அந்த உயரமான ஆள் மூன்றே அடி ஓடுவார். இதைப் பார்த்துத் தொலைத்தால் நம்ம டீமில் அந்த மூன்றடியை மறிக்க யாரும் இல்லை என்பது தெரிந்துவிடும். வலப்பக்கம் எழுத ஏதோ கிடைத்துவிடும். அப்புறம் ராத்திரி தூக்கம் வராது.

2018 மார்ச் 17, இறுதிப்போட்டி. பெங்களூரு ஸ்ரீகண்டீரவா மைதானம். லீக்கில் நம்மைவிட எட்டுப் புள்ளி அதிகம் எடுத்த பெங்களூரு, சொந்த மண்ணில், ஒன்பதாவது நிமிடத்திலேயே சேத்ரியின் தலையால் ஒரு கோல். மூன்றாவது பாடப்படி நீங்கள் இரண்டு அணியின் ஸ்டிரைக்கர்களையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். 17ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர், 45ஆவது நிமிடத்தில் இன்னொரு கார்னர். இரண்டையும் தலையால் முட்டி உள்ளே தள்ளியவர் நம்ம மைல்சன் ஆல்வெஸ். அவர் தடுப்பாட்டக்காரர், பலம் என்று எந்தத் தாளிலும் அவர் பெயர் இல்லை. பிறகு ரஃபேல் அகஸ்டோ ஒன்று போட்டார், ஆட்டம் 3-2 என நமக்கு. சமோசா நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2019 மார்ச் 17. மும்பையில் இறுதிப்போட்டி, அதே பெங்களூரு, எதிரே கோவா. 117ஆவது நிமிடம் வரை கோலே இல்லை. பிறகு ஒரு கார்னர், ராகுல் பேகேயின் தலை, பெங்களூருவுக்குக் கோப்பை. போன வருடம் எதனால் அடி வாங்கினோம் என்று பெங்களூருக்காரர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். நீங்கள் யோசிக்காதீர்கள்.

5. உள்ளூர்ப் பையனை "யாருப்பா அது?" என்று கேளுங்கள்.

பிரேசில்காரர்கள் பெயர், அவர்கள் பழைய கிளப், மனைவி பெயர் எல்லாம் மனப்பாடமாக இருக்கட்டும். நடுக்களத்தில் நாள் முழுக்கப் பந்தைப் பறித்துக்கொண்டிருக்கும் வியாசர்பாடிக்காரனைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2018 அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் கோவாவை 3-0 என்று அடித்தபோது ஜெஜே இரண்டு போட்டார், அந்த வியாசர்பாடிக்காரர் தன்பால் கணேஷ் ஒன்று போட்டார். அன்று மட்டும் "நம்ம ஏரியா பையன்" என்று ஸ்டேட்டஸ் வையுங்கள். இருபத்து நான்கு மணி நேரத்தில் அதுவே போய்விடும்.

6. மஞ்சள் அட்டையை எண்ணாதீர்கள்.

அட்டை காட்டியதும் நடுவரின் பரம்பரையை விசாரியுங்கள். யாருக்குக் காட்டினார், இது அவருக்கு எத்தனையாவது, அடுத்த ஆட்டத்தில் தடையா என்பதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை. முக்கியமாக, ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கிய நடுக்கள ஆட்டக்காரர் கொதித்துக்கொண்டிருக்கும்போது, "போடு போடு, விடாதே" என்று கத்தி ஊக்கப்படுத்துங்கள். அதே 2019 இறுதிப்போட்டியில் கோவாவின் ஜாஹூ கூடுதல் நேரத்தின் நடுவில் வெளியே அனுப்பப்பட்டார். பத்துப் பேரோடு நின்ற கோவா அதற்குப் பிறகுதான் அந்த 117ஆவது நிமிடத்துக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் கார்னரையும் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை. ஆகவே பெங்களூருவுக்கு அதிர்ஷ்டம் என்று நெஞ்சறிய எழுதலாம்.

7. முதல் லெக் முடிந்ததும் தீர்ப்பு சொல்லிவிடுங்கள்.

2022-23இலிருந்து முதல் ஆறு இடத்துக்கும் பிளே ஆஃப் கதவைத் திறந்துவிட்டார்கள். முதல் இரண்டு அணி நேரே அரையிறுதிக்குப் போகும், மற்ற நான்குக்கும் ஒரே ஆட்டத்தில் வாழ்வா சாவா என்பது அப்போதைய ஏற்பாடு. அந்த ஒற்றை ஆட்டத்தில் உங்கள் திறமைக்கு வேலை கம்மி. 2024இல் ஆறாவதாக நுழைந்த சென்னை கோவாவிடம் 2-1 என்று தோற்று அன்றைக்கே முடிந்துபோனது. உங்கள் கைவரிசையைக் காட்ட அரையிறுதி வேண்டும், அதற்குத்தான் இரண்டு ஆட்டம்.

2020இல் கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்ததும் ஃபைனலுக்கு டிக்கெட் தேடினீர்கள். சரி. அங்கே போய் 4-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 6-5 என்று நூலிழையில் தப்பியதை "அனுபவத்தோடு ஆடினார்கள்" என்று எழுதி இடப்பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். தப்பித்ததெல்லாம் பலம்தான். அந்த ஃபைனல் கொரோனாவால் காலி மைதானத்தில் நடந்தது, டிக்கெட் தேடியதுதான் மிச்சம்.

தலைகீழாகவும் செய்யலாம். 2014 அரையிறுதியில் கேரளாவிடம் முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்றதும் எல்லாம் முடிந்தது என்றீர்கள். இரண்டாவது ஆட்டத்தில் சென்னை மூன்றையும் திருப்பிக் கொடுத்ததும் எல்லாம் முடிந்தது, நாம்தான் ஃபைனல் என்றீர்கள். கூடுதல் நேரத்தில் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் போட்டார். எத்தனையாவது நிமிடம்? 117. இதற்கு ஒரு ஜோசியரைப் பார்த்து வையுங்கள். கால் ஓய்ந்த தடுப்பாட்டக்காரர்களை மாற்ற பெஞ்சில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட அது சுலபம்.

8. பெனால்டி என்றால் "லாட்டரி" என்று சொல்லி நகருங்கள்.

லாட்டரிக்கு யாரும் பயிற்சி எடுப்பதில்லை. எனவே இதை எந்தப் பக்கத்திலும் எழுத வேண்டாம். கேரளா 2016 இறுதிப்போட்டியைப் பெனால்டியில் தோற்றது, 2022 இறுதிப்போட்டியையும் பெனால்டியில் தோற்றது. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை லாட்டரி அடிக்காமல் போவது சகஜம்தானே?

9. கடைசி வரியில் "ரெஃபரி" என்று எழுதுங்கள்.

வலப்பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டால் பாரபட்சம் என்று நினைப்பார்கள். ஆகவே இது. நடுவர் நம் அணியில் இல்லை, இருந்தாலும் நம் பலவீனத்தில் அவருக்கு நிரந்தர இடம் உண்டு.

இந்தக் கலையில் கரைகண்டவர்களைப் பார்க்க வேண்டுமானால் 2023 மார்ச் 3க்குப் போங்கள். பெங்களூரு, கேரளா, நாக் அவுட். கூடுதல் நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீகிக். கேரளாக்காரர்கள் சுவர் எழுப்புவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே சேத்ரி பந்தை உள்ளே தட்டிவிட்டார். நடுவர் கோல் என்றார். பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியைக் கூப்பிட்டுக்கொண்டு களத்தைவிட்டே வெளியேறினார். ஆட்டம் பெங்களூருவுக்கு. கேரளா கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. மீதி இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது, ஒரு கோல்தான் வேண்டும். ஆனால் கோல் போடுவது கஷ்டம், நியாயம் கேட்பது நிம்மதி. உங்களுக்குத் தெரியாததா? ஃப்ரீகிக் கொடுத்த உடனே ஒருவர் பந்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது தெருவில் ஆடும் பையன்களுக்கும் தெரியும். அதை எழுதினால் அது நம் பலவீனம் ஆகிவிடும். ரெஃபரி என்று எழுதினால் அது அவருடையது.

10. கோப்பை வாங்கிவிட்டால் தாளை லேமினேட் செய்யுங்கள்.

அடுத்த சீசனுக்கும் அதுவேதான். ஜெயித்த அணியில் பலவீனம் தேடுவது நன்றிகெட்ட செயல். வயதாகிவிட்டதா, காயமா, போன வருடம் நாலு ஆட்டத்தில் நூலில் தப்பினோமே, இதெல்லாம் பேசுகிறவன் எதிரணி ஆள். 2018 கோப்பைக்குப் பின் அப்படித்தான் இருந்தோம். 2018-19இல் சென்னை ஆடியது 18 ஆட்டம், ஜெயித்தது இரண்டு, எடுத்தது 9 புள்ளி, பிடித்தது கடைசி இடம். சாம்பியன் அணி! பிளே ஆஃப் பலம், பலவீனம் என்று மண்டையைக் குடையும் வேலையே அந்த வருடம் இல்லை.

2019 மார்ச் 23 அன்றே சேப்பாக்கத்தில் ஐபிஎல் தொடங்கிவிட்டது. சென்னையின் கிரிக்கெட் அணியிலும் தோனி, இந்தக் கால்பந்து அணியின் உரிமையாளர்களிலும் தோனி, மனசாட்சி உறுத்தாது. பெங்களூரு 70 ரன்னுக்கு ஆல் அவுட். நீலச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு மஞ்சளை மாட்டுங்கள், பிட்சைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள்.