கேஸ் குடிக்குற காரு

வாங்க மாப்ளே, உக்காருங்க. ஏனுங்க, ஏசி காருலதான வந்தீங்க? முதுகெல்லாம் நனஞ்சு கெடக்குது. அம்மிணி கண்ணாடிய எறக்கி உட்டுட்டு முந்தானையில வீசிக்கிட்டே வந்து எறங்குறா. கோயமுத்தூருக்கும் அன்னூருக்கும் நடுவுல இத்தன வேர்வைன்னா, நீங்க மருதைக்குப் போனா ஒரு கொடம் தேறும் போங்க.

"கேஸ் தீந்துபோச்சுங்க மாமா"ங்கறீங்க. போன சித்திரையிலயும் இதத்தான சொன்னீங்க? அதுக்கு முந்துன சித்திரையிலயும்? அதென்ன பெட்ரோலுங்களா மாப்ளே, எரிஞ்சு தீர்றதுக்கு? மூடுன குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வர்ற சரக்குங்க அது. கம்ப்ரஸர் அமுக்கித் தள்ளும். முன்னால இருக்குற கண்டன்சர்ல சூட்டைக் கக்கிட்டுத் தண்ணியாட்டம் திரவமாகும். டேஷ்போர்டுக்குள்ளாற கூலிங் காயில்ல ஆவியாகி, வண்டிக்குள்ள இருக்குற சூட்டை உறிஞ்சிக்கும். மறுக்கா கம்ப்ரஸருக்கே வந்து சேரும். சின்ன வண்டிக்கு மொத்தமே 400, 500 கிராம்தானுங்க. எத்தனைன்னு பானட்டுக்கு அடியில ஸ்டிக்கரே ஒட்டியிருப்பான். ரப்பர் ஓஸு வழியா வருசக்கணக்குல துளித்துளியாக் கசியும், அது வேற. வருசா வருசம் காலியாகுதுன்னா எங்கியோ ஓட்டை. கேஸோட எண்ணெயும் சேந்து சுத்தறதால, ஓட்டை இருக்குற ஜாயிண்ட்ல பிசுக்கு ஒட்டி மண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கும். அதத் தேடாம, நைட்ரஜன் ஏத்திச் சோப்புத் தண்ணி தடவிப் பாக்காம, 'உஸ்'ஸுன்னு சத்தம் காட்டிக் காசு வாங்கறவன் கெட்டவன் இல்லீங்க. உங்கள வருசா வருசம் பாக்கோணும்னு ஆசப்படறான். எம்பொண்ணுகூட உங்கள அத்தன ஆசையா எதிர்பாப்பாளான்னு தெரியலீங்க.

நீங்க கை கழுவப் போன நேரத்துல நான் பானட்டைத் தொறந்து பாத்தேன், கோவிச்சுக்காதீங்க. ஊட்டி உருளக்கெழங்க மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டுன காலத்துல எங்க லாரிக்கு ஏசியே கெடையாது. ஆனா வண்டி பேசறதக் கேக்கற காது இன்னும் இருக்குது. அம்மிணிய ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஏசி பட்டனை அமுக்குனதும் 'டக்'குனு சத்தம். கம்ப்ரஸர் முன்னால இருக்குற கிளட்ச் தட்டு புல்லியோட சேந்து சுத்துச்சு. அந்த 'டக்' வரலீன்னாத்தான் ஃபியூஸ், ரிலே, எலி கடிச்ச ஒயரு, கேஸ் கொறஞ்சு பிரஷர் சுவிட்ச் தடுக்குறதுன்னு ஒவ்வொண்ணாப் பாக்கோணும். ரிலேயைப் பாக்கறது லேசுங்க. பொட்டியில அதே நெம்பர்ல ஆரன் ரிலே இருந்தா மாத்திச் சொருகிப் பாருங்க. ஏசி ஓடி ஆரன் அடிக்கலீன்னா குத்தம் எதுலன்னு தெரிஞ்சுபோவும். கோயமுத்தூருல ஆரன் இல்லாம ஏசிய மட்டும் வெச்சுட்டு எங்க போறது, அது வேற கதை.

கண்டன்சருக்குக் காத்தடிக்குற ஃபேனும் சுத்துச்சு. அது சுத்தலீன்னா ஒரு அடையாளம் உண்டு: அவிநாசி ரோட்டுல ஓடும்போது குளுரும், சிக்னல்ல நின்னா அனல் அடிக்கும். ஓடற வண்டிக்குக் காத்து தானா மூஞ்சியில அடிக்குது, நிக்கற வண்டிக்கு ஃபேன்தான் கதி. இதுக்கும் கேஸ் போட்டவங்க ஏகப்பட்ட பேரு. அளவுக்கு மேல ஏத்துனா பிரஷர் எகிறி, இருக்குற குளுரும் போயிரும். கண்டன்சர்ல பஞ்சும் பூச்சியும் அடைச்சிருந்தா மெதுவாத் தண்ணி உட்டுக் கழுவோணும். வாட்டர் சர்வீஸ்ல வேகமா அடிச்சா மெல்லிசு தகடெல்லாம் மடிஞ்சு மூடிக்கும். ஃபேன்கிட்டக் கை வேண்டாம், எஞ்சின் நின்னாலும் அது நெனச்சாச் சுத்தும்.

கடைசியா, கம்ப்ரஸருக்குத் திரும்பி வர்ற தடிச்ச குழாயத் தொட்டேன். ஜில்லுனு வேர்த்துக் கெடக்குதுங்க. கேஸ் இருக்குது மாப்ளே. நீங்க குடுத்த காசுதான் இல்ல.

மார்கழியில ஊட்டிக்குப் போயி, ஹீட்டர் சுடலீன்னு போன் பண்ணி, "இதுக்கும் கேஸ் போடோணுமுங்களா"ன்னு கேட்டீங்களே, அன்னைக்கு நான் சிரிக்கலீங்க. போன வெச்சுட்டுத்தான் சிரிச்சேன். ஹீட்டருக்கும் கேஸுக்கும் ஒறவே கெடையாது. எஞ்சின்ல சூடான கூலண்ட்டு ரெண்டு குழாய் வழியா, டேஷ்போர்டுக்குள்ளாற இருக்குற குட்டி ரேடியேட்டருக்குப் போயிட்டு வருது, அவ்வளவுதான். ரெண்டு குழாயும் சுட்டா ஓட்டம் இருக்குது. ஒண்ணு சுட்டு ஒண்ணு ஆறிக் கெடந்தா அடைப்பு. கூலண்டுக்குப் பதிலா போர் தண்ணி ஊத்தறவங்களுக்கு இந்தப் பாக்கியம் சீக்கிரமாவே கெடைக்கும். குன்னூரு எறக்கத்துல எஞ்சின் சூட்டைக் காட்டுற முள்ளு 'சி' பக்கம் சாஞ்சுக்கிட்டே வந்தா தெர்மோஸ்டாட் தொறந்தபடி சிக்கிக்கிச்சுன்னு சந்தேகப்படுங்க. கண்ணாடியில பிசுபிசுன்னு படலம், உள்ள இனிப்பு வாடை, கால்மிதி ஈரம், இது மூணும் சேந்துச்சுன்னா அந்தக் குட்டி ரேடியேட்டரே ஒழுகுது. எதுவானாலும் சூட்டோட ரேடியேட்டர் மூடியத் தொறந்துறாதீங்க. மூஞ்சி வெந்துபோயிரும், அப்பறம் எம்பொண்ணுக்கு நான் பதில் சொல்லோணும்.

வெறும் பனிப்படலம்னா ஹீட்டரோட ஏசியும் சேத்துப் போடுங்க. ஏசி ஈரத்த எடுக்கும், ஹீட்டர் சூடு குடுக்கும். நீங்க துண்டால தொடச்சுட்டே 14 கொண்டை ஊசி வளைவும் எறங்கியிருப்பீங்க, எனக்குத் தெரியும்.

உங்க வண்டிக்கு ரெண்டு குழாயும் நல்லாத்தான் சுடுது. வெய்யல்ல குளுரு வரல, பனியில சூடும் வரல. ரெண்டுக்கும் பொதுவான சாமான் என்னன்னு யோசிச்சீங்களா? காத்துங்க, காத்து! புளோயர் நாலுல மட்டும் ஓடி, மத்ததுல ஓடலீன்னா ரெசிஸ்டர் போச்சுங்கலாம். நல்லா ஓடி, பொறவு காத்து நின்னு, சித்த நேரம் அணைச்சு வெச்சதும் மறுக்கா வந்துச்சுன்னா காயில்ல ஐஸ் கட்டுதுங்கலாம். உங்களுதுல இரைச்சல் மட்டும் வருது, காத்து எப்பவுமே வரல. ஏசி ஃபில்டர்னு ஒண்ணு இருக்குதுங்க, அம்மிணி உக்கார்ற சீட்டுக்கு நேரா, டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால. 10,000, 15,000 கிலோமீட்டருக்கு ஒருக்காவாச்சும் அதத் தொறந்து பாக்கோணும். மூக்கடைச்ச புள்ளைக்கு வருசா வருசம் வயித்து மருந்து குடுத்திருக்கீங்க.

டப்பாவுல இருந்த ஆர்சி புக்கு, இன்சூரன்சு, அம்மிணி சீப்பு எல்லாத்தையும் எடுத்து வெளிய வெச்சுட்டேன். ரெண்டு பக்கமும் அமுக்குனா டப்பா கீழ தொங்கும். பின்னால இருக்குற மூடியக் கழட்டி ஃபில்டர உருவுங்க. சித்த தள்ளி நின்னே உருவுங்க மாப்ளே. வேப்பமரத்தடியில நிறுத்தற வண்டி, எலை மட்டும்தான் இருக்கும்னு சொல்ல முடியாது. உள்ள என்னமோ கீச்சுங்குது.