தோட்டக்காரருக்கு வைத்த முதல் ஃப்ளெக்ஸ்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதுப்படம் வருகிற அன்று கட்டுகிற ஃப்ளெக்ஸைப் பார்த்திருப்பீர்கள். நடிகர் ஒரு மூலையில் நிற்பார். மிச்ச இடமெல்லாம் மன்றத்துத் தம்பிகள்தான்: கூலிங் கிளாஸ், காதில் செல்போன், யாருக்கோ வணக்கம். "காலம் கெட்டுப்போச்சு" என்று திண்ணையில் சலித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு ஒரு சேதி. இந்தக் கூத்து 1896இலேயே பாரிஸில் நடந்தாயிற்று.

லூமியர் சகோதரர்களின் சினிமா எந்திரத்துக்காக மார்செலின் ஓஸோல் என்பவர் வரைந்த போஸ்டர் அது. ஒரு குறிப்பிட்ட படத்தைக் காட்டி அடித்த முதல் சினிமா போஸ்டர் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பின்னால் திரை; அதில் ஒரு தோட்டக்காரர் முகத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறது. முன்னால் பெரிது பெரிதாக உட்கார்ந்து சிரிப்பவர்கள் ரசிகப் பெருமக்கள். கீழே 'இவண்' போட்டுப் பெயர் எழுதாததுதான் பாக்கி.

படமோ ஒரு நிமிஷம்கூட ஓடாது. தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் வந்த பொடியன் ரப்பர் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றது. இவர் குழாய் முனையை மூஞ்சிக்கு நேரே பிடித்து எட்டிப் பார்க்க, பயல் காலை எடுக்கிறான். அபிஷேகம்! அப்புறம் துரத்தல், பிடித்தல், பூசை. கிளைமாக்ஸையே போஸ்டரில் வரைந்துவிட்டார்கள் என்பதைக் கவனிக்கவும். நடித்தவர் லூமியர் வீட்டு நிஜத் தோட்டக்காரர், பிரான்சுவா கிளெர்க். கதையும் சொந்தமில்லை, 1880களிலேயே பிரெஞ்சுப் படக்கதைகளில் வந்த தமாஷ்தான். சினிமாவின் முதல் சிரிப்பே சுட்ட சிரிப்பு. இனிமேல் கோடம்பாக்கத்தை மட்டும் திட்டாதீர்கள்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் ஒரு பிராங்க் கட்டணத்தில் இந்தப் படத்தைக் காட்டிய அறைக்குப் பெயர் 'இந்தியக் கூடம்'. காசு கொடுத்து வந்தவர்கள் 33 பேர். நிஜ இந்தியாவுக்கு, அதாவது பம்பாய் வாட்சன் ஓட்டலுக்கு, சினிமா வந்தது 1896 ஜூலையில்தான்.

நம் பக்கத்துக்குக் கொண்டுவந்த புண்ணியவான் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்தவர். 1905இல் அங்கே வந்து படம் காட்டிக்கொண்டிருந்த து பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து எந்திரத்தையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு, வேலையை உதறிவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். வீட்டில் என்ன பாட்டு விழுந்திருக்கும் என்பதை வாசகர் யூகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

பெரம்பலூரும் அரியலூரும் அன்றைக்குத் திருச்சி ஜில்லா. எனவே, வேப்பந்தட்டையில் ஒரு கூடாரம் அடித்து, தோட்டக்காரர் படத்தை ஓட்டிப் பார்ப்போம். கற்பனைக்கு டிக்கெட் இல்லை. ஊமைப் படமாதலால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் குச்சியோடு நின்று கதை சொல்கிறார். பீய்ச்சியடித்ததும் அவர் மட்டும் சிரிக்கிறார். கூட்டத்தில் சத்தமே இல்லை.

"ஏன் மாமா, கிணத்தையே காணோமே?"

"மாட்டையும் காணோம் மாப்ள. கவலை இறைக்காம தண்ணி எப்படி வருது?"

"தானா வருதாம்."

"வந்த தண்ணிய மூஞ்சியில அடிச்சு வீணாக்குறானே, அந்தப் பயல இங்க கொண்டா!"

விடியற்காலையில் எழுந்து, மாட்டை முன்னும் பின்னும் ஓட்டி, சால் சாலாக இறைத்து ஒரு பாத்தி சோளம் நனைக்கிற சம்சாரிக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பயல் அடிவாங்கும் இடத்தில்தான் கைதட்டல் விழுகிறது. கூடவே, வாசலில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பசை ருசிக்காக ஒரு பசுமாடு தின்று முடித்துவிட்டது. விமர்சனத்தை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

அடுத்த சுருள், ஸ்டேஷனுக்குள் ரயில் வருகிற படம். பாரிஸில் ஜனங்கள் பயந்து பின்னால் ஓடினார்கள் என்று ஒரு கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். நம் கூடாரத்தில் எல்லோரும் முன்னால் ஓடுகிறார்கள், துண்டு போட்டு இடம் பிடிக்க. அரியலூருக்காவது பின்னால் ஸ்டேஷன் வந்தது. பெரம்பலூர் ஊருக்குள் இதுவரை வந்த ரயில் அந்தத் திரையில் வந்தது மட்டும்தான்.