தொண்ணூறு சதவீதக் குறி தப்புதல்: ஓர் ஆராய்ச்சி

ஆராய்வதற்குப் புதிதாக ஒரு பொருளும் மிச்சமில்லை என்று முனைவர் பட்ட மாணவர்கள் அலுத்துக்கொள்ளும் காலம் இது. அவர்கள் இன்னும் வீடியோ கேம் ஓடும் சின்னத் திரைகளின் பக்கம் வரவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். அங்கே ஒரு வாள்வீரன் கொள்ளைக்காரன் ஒருவனை நெருங்குகிறான். அடி விழும் வாய்ப்பு 90 என்று திரை அறிவிக்கிறது. ஆட்டக்காரர் நிம்மதியாகப் பொத்தானை அழுத்துகிறார். வாள் காற்றை வெட்டுகிறது. பதிலுக்கு ஒரு கோடரி இறங்குகிறது. பல நாள் பாடுபட்டு வளர்த்த வீரன் சாகிறான். "90 என்று சொன்னாயே, பாவி!" என்று அந்தத் திரையை நோக்கி எழும் ஓலத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதை முறைப்படி விசாரித்து, குற்றம் எவருடையது என்று தீர்மானிப்பதே இந்த ஆராய்ச்சியின் நோக்கம்.

முதலில் எல்லை வகுத்தல். கட்டம் போட்ட நிலத்தில், ஒரு முறை நாம், மறுமுறை எதிரி என்று படை நகர்த்தும் வீடியோ கேம்கள் பல. ஜப்பானின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் நின்டென்டோவுக்காக 1988-இல் செய்த 'ஃபேமிகாம் வார்ஸ்' அப்படி ஒன்று. அதில் டாங்கிகள் தொழிற்சாலையிலிருந்து வரும். ஒன்று போனால் காசு கொடுத்து இன்னொன்று வாங்கலாம். டாங்கிக்காக அழுதவர் எவருமில்லை. அதே நிறுவனத்தில் ஷோஸோ காகா என்பவர் வடிவமைத்து, 1990 ஏப்ரல் 20 அன்று ஃபேமிகாம் கருவிக்கு வந்த 'ஃபயர் எம்பிளம்' இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு விஷமம் செய்தது: படைவீரன் ஒவ்வொருவனுக்கும் பெயர் வைத்தது. பெயரோடு முகம் வந்தது, முகத்தோடு லெவல் வந்தது. அதற்கு மேல் ஒரு விதி: களத்தில் செத்தவன் செத்தவனே, அடுத்த அத்தியாயத்துக்கு வரமாட்டான். நம் ஆராய்ச்சிக்குரிய ஓலம் பிறந்த இடம் இதுதான். பெயரில்லாத டாங்கியின் 90 தப்பினால் அது கணக்கு. பெயருள்ளவனின் 90 தப்பினால் அது துரோகம்.

இனி அந்த 90 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அது வானத்திலிருந்து விழுவதில்லை. கேம்பாய் அட்வான்ஸுக்கு 2003-இல் வந்து, இத்தொடரில் முதன்முதலாக ஜப்பானுக்கு வெளியேயும் விற்கப்பட்ட 'ரெக்கா நோ கென்' என்ற ஆட்டத்தைச் சான்றாகக் கொள்வோம். தாக்குபவரின் ஆயுதத்துக்கு ஓர் எண் உண்டு: இரும்பு வாளுக்கு 90, ஈட்டிக்கு 80, கோடரிக்கு 75. அதோடு அவருடைய திறமையை இரட்டித்துக் கூட்டு. அதிர்ஷ்டத்தில் பாதியைக் கூட்டு. இது அடி. வாங்குபவரின் வேகத்தை இரட்டித்து, அதிர்ஷ்டத்தைச் சேர்த்து, காட்டில் நின்றால் இன்னும் 20, மலையில் நின்றால் 30 கூட்டு. இது விலகல். அடியிலிருந்து விலகலைக் கழித்தால் திரையில் தோன்றும் எண் கிடைக்கும்.

இடையில் ஆயுத முக்கோணம் என்று ஒரு சாத்திரம் இருக்கிறது. வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை வெல்லும், ஈட்டி வாளை வெல்லும். 1996-இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த ஆட்டத்தில் புகுந்த இந்த ஏற்பாடு, 'ரெக்கா நோ கென்'னில் வென்ற ஆயுதத்துக்கு 15 புள்ளி கூட்டுகிறது, தோற்றதற்கு 15 குறைக்கிறது. கோடரி ஏன் ஈட்டியை வெல்ல வேண்டும் என்று போர்க்கலை தெரிந்தவர்கள் கேட்கலாம். கேட்டதாகத் தெரியவில்லை. காகிதம் ஏன் கல்லை வெல்கிறது என்றும் எவரும் கேட்பதில்லை.

'ரெக்கா நோ கென்'னின் கதை தொடங்கும்போது லின் என்ற பெண் முதல் லெவலில் இருக்கிறாள். திறமை 7, வேகம் 9, அதிர்ஷ்டம் 5. இரும்பு வாளோடு அவள் ஓங்கும் அடி 90, 14, 2 ஆகியவை சேர்ந்து 106. எதிரில் நிற்பவன் கையில் கோடரி என்றால் 121. எப்பேர்ப்பட்ட திருடனும் அவ்வளவு எளிதில் விலக முடியாது. திருப்பி அடிக்கிறவன் நிலையோ பரிதாபம். கோடரியின் 75-இல் முக்கோணம் 15-ஐப் பிடுங்கிக்கொள்கிறது. லின்னின் விலகல் 18, 5 சேர்ந்து 23. ஆக மிஞ்சுவது 37, அதோடு அவனுடைய சொந்தத் திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உரிய சில்லறை. லின் ஒரு கட்டம் நகர்ந்து காட்டுக்குள் நின்றுவிட்டாலோ அந்த 37-உம் 17 ஆகிவிடும். மரம் கூடப் படைவீரன்தான் என்று இந்த ஆட்டம் கற்பிக்கிறது.

இதுவரை எல்லாம் நேர்மை. இனிதான் விஷயம்.

தொடக்க கால ஃபயர் எம்பிளம்களில் கருவி 0 முதல் 99 வரை ஓர் எண்ணை உருட்டும். அது காட்டிய எண்ணைவிடச் சிறியது என்றால் அடி விழும். 90 என்றால் 90 தான். 2002-இல் வந்த 'ஃபூயின் நோ சுருகி' இந்தக் கணக்கைச் சத்தமில்லாமல் மாற்றியது. அதில் கருவி இரண்டு எண்களை உருட்டி, அவற்றின் சராசரியை எடுத்து, அதைக் காட்டிய எண்ணோடு ஒப்பிடுகிறது. ஆட்டக்காரருக்கு இது சொல்லப்படவில்லை. ஒரு பகடையை உருட்டினால் எந்த முகமும் சமமாக விழும். இரண்டை உருட்டினால் ஏழு அடிக்கடி விழும், பன்னிரண்டு அபூர்வம். அப்படித்தான் இதுவும். சராசரி நடுவில் கூடும், ஓரங்களில் மெலியும். உருளக்கூடிய 10,000 இணைகளில், சராசரி 90 அல்லது அதற்கு மேல் வருபவை 190 மட்டுமே. ஆகத் திரையில் 90 என்று எழுதியிருக்கும்போது உண்மையில் நடப்பது 98.1. காட்டும் 80 உண்மையில் 92.2, காட்டும் 75 உண்மையில் 87.75. கீழே இறங்கினால் கதை தலைகீழ்: காட்டும் 30 உண்மையில் 18.3 தான், காட்டும் 10 வெறும் 2.1. நேர்நடுவில் 50 ஏறக்குறைய நேர்மையாக நிற்கிறது, 50.5 என்று. அந்த அரை சதவீதம் தாக்குபவருக்குப் போகிறது. ஏன் என்பதற்குத் தனியே ஒரு முனைவர் பட்டம் கொடுக்கலாம்.

இங்கே ஒரு தடை எழும். எதிரிக்கும் இதே கணக்குத்தானே? அவனுடைய 90-உம் 98 ஆகுமே, இதில் ஆட்டக்காரருக்கு என்ன சலுகை? விடை: சட்டம் இரு பக்கத்துக்கும் ஒன்றே, ஆனால் இரு பக்கத்தாரும் ஒரே எண்ணில் வாழ்வதில்லை. ஆட்டக்காரர் முக்கோணம் பார்த்து ஆளை அனுப்புகிறார், காட்டில் நிறுத்துகிறார், எதிரி அதிகம் அடிக்க முடியாத வேகக்காரரை முன்னே வைக்கிறார். அதனால் அவர் பக்கத்தில் 80-களும் 90-களும், எதிரி பக்கத்தில் 30-களும் 20-களும் குவிகின்றன. முன்னவை உயர்கின்றன, பின்னவை தாழ்கின்றன. வீடுள்ளவனும் இல்லாதவனும் தெருவில் படுக்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் எவ்வளவு பொதுவானதோ அவ்வளவு பொதுவானது இதுவும்.

ஆகவே முதல் முடிவு: திரை பொய் சொல்கிறது, ஆனால் ஆட்டக்காரருக்குச் சாதகமாகச் சொல்கிறது. 90 என்று காட்டி ஐம்பது முறை ஓங்கினால் ஏறக்குறைய ஒரு முறைதான் குறி தப்பும். நேர்மையான 90 ஐந்து முறை தப்பியிருக்கும். மிச்சம் நான்கு உயிர்கள் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றப்படுகின்றன. எந்த ஆட்டக்காரரும் அதற்கு நன்றி சொன்னதில்லை. அந்த ஒன்றைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கருணை எல்லா இடத்திலும் இல்லை என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். க்ரிட்டிக்கல் அடிக்கு, அதாவது சேதம் மூன்று மடங்காகும் அடிக்கு, கருவி பழையபடி ஒரே எண்ணைத்தான் உருட்டுகிறது. எதிரியின் க்ரிட்டிக்கல் வாய்ப்பு 1 என்று காட்டினால் அது சுத்தமான, கலப்படமற்ற 1. சராசரி அதை மெலியச் செய்வதில்லை. வாழ்நாளெல்லாம் இனிப்புக் கணக்கில் பழகியவர் இந்த ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். நூறில் ஒருமுறை அது வந்து நிற்கும்.

எதிர்ச்சான்றாக அமெரிக்காவின் ஃபிராக்சிஸ் நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றலாம். 2012-இல் அவர்கள் வெளியிட்ட 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' வேற்றுக்கிரகவாசிகளோடு முறை வைத்துச் சண்டையிடும் ஆட்டம். பெயருள்ள வீரர்கள், மீளாத சாவு, எல்லாம் அதிலும் உண்டு. கடினமான நிலைகளில் அது காட்டும் எண் மெய்யான எண். பலன்? 95 என்று காட்டிவிட்டு, துப்பாக்கி முனைக்கு ஒரு கட்டம் தள்ளி நிற்கும் பிராணியை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைச் சுடும் வீரன் உலகப் பிரசித்தி பெற்றான். இருபதில் ஒரு முறை தப்பும் என்று எழுதிக் காட்டி, இருபதில் ஒரு முறை தப்பவைத்த ஆட்டத்தை ஏமாற்றுக்காரன் என்றார்கள். 2016-இல் வந்த 'எக்ஸ்காம் 2' பாடம் கற்றிருந்தது. எளிய நிலைகளில், அடுத்தடுத்துக் குறி தப்பினால் அடுத்த குண்டின் வாய்ப்பைக் கருவி மறைவாக உயர்த்தும். உயர்த்தியதைத் திரையில் காட்டாது. காட்டியிருந்தால் ஆட்டக்காரர் கோபித்துக்கொண்டிருப்பார், தன்னைக் கைப்பிள்ளையாக நடத்துவதாக.

உளவியலார் இவ்விடத்தில் கை தூக்குவார்கள். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைப்படி, மனிதர் பெரிய வாய்ப்புகளை உள்ளதைவிடக் குறைத்தே எடைபோடுவர். இழப்பு தரும் வலியோ அதே அளவு ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிடப் பெரிது. இரண்டாவது கூற்றை ஆட்டக்காரர்கள் நாள்தோறும் மெய்ப்பிக்கிறார்கள். முதலாவதில் அவர்கள் தனி இனம்: 90-ஐக் குறைத்து எடைபோடுவதாவது! அதை அவர்கள் 100 என்றே வாசிக்கிறார்கள்.

இனி சடங்குகள். வீரன் செத்ததும் கருவியை அணைத்து அத்தியாயத்தை முதலிலிருந்து ஆடுவது இத்தொடரின் ஆதிச் சடங்கு. விதியை எழுதியவர்கள் மீளாத சாவு என்றார்கள், ஆடுபவர்கள் அதை மீளும் அத்தியாயம் என்று திருத்தி வாசித்தார்கள். கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்களில் இது இன்னும் நுட்பமடைந்தது. இடையில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தால், உருளவிருக்கும் எண்களின் வரிசை மாறாமல் அப்படியே காத்திருக்கும். அதே அடியை ஓங்கினால் அதே தப்புதான். ஆனால் வீரனை நகர்த்தும் அம்புக்குறியைத் திரையில் வளைத்து வளைத்து, அவன் நடக்கக்கூடிய தூரத்தை மீறி இழுத்தால், கருவி புதிய பாதை போட ஓர் எண்ணைச் செலவிடும். வரிசை ஓர் அடி நகரும். தலையெழுத்து மாறும். வீரன் ஓர் அங்குலமும் நகராமல், அம்பை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டி விதியைப் புரட்டும் இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் அதை அட்டவணை போட்டுப் பயின்றார்கள். ஜோதிடத்தில் கூட இவ்வளவு உடனடிப் பரிகாரம் கிடையாது.

நிறுவனமும் மெல்ல இறங்கிவந்தது. 2010-இல் டிஎஸ் கருவிக்கு வந்த ஆட்டத்தில், செத்தவர் அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வரும் 'கேஷுவல்' முறையைத் தந்தது. 2015-இல் செத்தவர் அடுத்த முறையிலேயே எழுந்துகொள்ளும் 'ஃபீனிக்ஸ்' வந்தது. அது கொஞ்சம் அதிகம் என்பதே இவ்வாய்வின் கருத்து, பிணம் படுப்பதற்குக்கூட நேரமில்லை. 2017 முதல் காலத்தையே பின்னுக்குச் சுழற்றும் வசதி. 2019-இன் 'த்ரீ ஹவுஸஸ்' அதைக் கதையின் பகுதியாகவே ஆக்கி, 'டிவைன் பல்ஸ்' என்று பெயரிட்டது. அதிலும் ஒரு குறும்பு: காலத்தைத் திருப்பி அதே காரியத்தை அதே வரிசையில் செய்தால் அதே முடிவுதான். தெய்வமே வந்து கடிகாரத்தைத் திருப்பினாலும் தப்பிய 90 மறுபடி தப்பும். வேறொருவரை முதலில் அனுப்பியாக வேண்டும்.

'சிவிலிசேஷன்' தொடரை உருவாக்கிய சிட் மையர் 2010-இல் கேம் உருவாக்குநர் மாநாட்டில் ஆற்றிய உரை இந்தத் துறைக்கு ஒரு மூலநூல். மூன்றுக்கு ஒன்று என்று பலம் காட்டும் சண்டையில் தோற்றால் ஆட்டக்காரர்கள் குமுறுகிறார்கள் என்றார் அவர். நான்கில் ஒரு முறை தோற்கத்தானே வேண்டும் என்று விளக்கினால் ஏற்பதில்லை. மூன்று பெரிய எண், ஒன்று சின்ன எண், அவ்வளவுதான் அவர்கள் வாதம். அதே ஆட்டக்காரர் ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் வென்றால் எந்த ஆட்சேபமும் எழுவதில்லை. வியூகம் நன்றாக அமைந்தது என்பார். மையரின் குழு கடைசியில் கணக்கைத் திருத்தியது, கணக்குப் பாடத்தை அல்ல.

இந்தக் கடைசிச் சான்று ஆராய்ச்சியின் வேலையைச் சுலபமாக்குகிறது. குற்றவாளி எண்ணும் அல்ல, அதை உருட்டும் கருவியும் அல்ல. வழக்கு தொடுத்தவரே குற்றவாளி என்று தீர்ப்பெழுதலாம், எழுதினால் மேல்முறையீடு வரும். மேலும் ஆராய வேண்டியது ஒன்று பாக்கி: திரை 20 என்று காட்டி, உண்மையில் 8.2 ஆக இருந்த அடி விழுந்து, எதிரித் தளபதி சாய்ந்தபோது, "இது நியாயமில்லை" என்று கருவியை அணைத்து முதலிலிருந்து ஆடிய ஆட்டக்காரர் எவராவது உண்டா? அப்படி ஒருவர் கிடைத்தால் அவரைப் பற்றித் தனி ஆய்வேடு எழுதப்படும். களப்பணிக்கு நல்கை கேட்டு விண்ணப்பம் தயாராகிறது.