எலி போதாதா?

கேள்வி: தலைக்காயத்துக்கு மருந்து தேட எலி போதாதா? பன்றியையும் செம்மறியையும் ஏன் வதைக்க வேண்டும்? (வாசகர், கம்பம்)

பதில்: எலியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் புரொஜெஸ்ட்ரோன் சாட்சி. எலிகளின் மூளைக்காயத்தில் நன்றாக வேலை செய்த அந்த ஹார்மோன், 2014-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சுமார் 2,000 நோயாளிகளிடம் எந்தப் பலனையும் காட்டவில்லை. கொடுத்த அளவு, நேரம் என்று வேறு காரணங்களும் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எலி மூளை 2 கிராம், மனித மூளை 1,300 கிராம். எலியுடையது வழவழவென்றிருக்கும், நம்முடையது மடிப்பு மடிப்பானது, உள்ளே வெண்பொருள் நிறைந்தது. குமுளி மலைப்பாதையில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்படுபவரின் தலை வெடுக்கென்று திரும்பும்போது அந்த வெண்பொருளின் நரம்பிழைகள்தான் இழுபட்டுச் சிதைகின்றன. மண்டையோட்டில் கீறல்கூட இருக்காது, சி.டி. ஸ்கேனிலும் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். ஆள் மட்டும் கண் விழிக்கமாட்டார். பன்றிக்கும் செம்மறிக்கும் மடிப்புள்ள மூளை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மயக்கத்திலிருந்த பன்றியின் தலையை, எதிலும் மோதாமல், கண்ணிமைக்கும் நேரத்தில் சுழற்றியே இந்தச் சிதைவைக் காட்டினார்கள்.

பன்றி மனிதன் இல்லையே என்பீர்கள். சரிதான், அதில் பலித்தது நமக்கும் பலிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் அதில் தோற்ற மருந்தை நோயாளிக்கு ஏற்றாமல் தடுக்கலாம். வதை பற்றிய உங்கள் கவலையும் நியாயமானது. இந்தியாவில் பெரிய விலங்குச் சோதனைக்கு மத்திய அரசுக் குழுவின் அனுமதியும் வேண்டும். அந்தக் கண்டிப்பு இன்னும் இறுகட்டும். எலியில் தேறாத மருந்துக்காகப் பன்றியைத் தொடவே கூடாது. ஆனால் தேனி க.விலக்கு அரசு மருத்துவமனையானாலும் அமெரிக்காவானாலும், இன்று டாக்டர்களால் ரத்தக்கட்டை எடுக்க முடியும், மூளை அழுத்தத்தைக் குறைக்க முடியும். சிதைந்த இழையைச் சரிசெய்யும் மருந்து யார் கையிலும் இல்லை.